கொம்பு இடம் மாறிய கதை

தையற்காரர் ரவிக்கையைக் கெடுத்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? துணியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கடை வாசலில் போய் நிற்பீர்கள். "இது என்ன கையா, சாக்கு மூட்டையா? எனக்குத் தைத்தீர்களா, அடுத்த வீட்டுப் பாட்டிக்குத் தைத்தீர்களா?" என்று நாலு பேர் காதில் விழும்படியாகவே கேட்பீர்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்கு வாங்கம்மா, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்" என்பார். காரியம் முடிந்தது.

கொத்தனார், தச்சர், வெள்ளையடிப்பவர் எல்லோரிடமும் இப்படித்தான். நம் ஊர்க்காரர்கள், நாளைக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். ஆனால் முகமே பார்த்திராத ஒருவரைக் கைபேசி மூலமாகவே தேடிப் பிடித்து, கைபேசி மூலமாகவே கூலி பேசி, வேலையையும் அதிலேயே வாங்கிக்கொள்ளும் காலம் இது. அந்த வேலை சரியில்லை என்றால் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?

"நமக்கு எதற்கு இந்தக் கவலை?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வரைய, பையனுக்குக் கணக்குச் சொல்லித் தர, புது வீட்டுக்குப் பிளான் போட, வீட்டில் அரைக்கும் மசாலாப் பொடிக்கு லேபிள் தயாரிக்க என்று இன்றைக்கு எத்தனையோ குடும்பங்கள் இப்படி ஆள் அமர்த்துகின்றன. 'ஃபிரீலான்ஸர்' என்று பெயர். ஒரு கம்பெனியிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு செய்பவர். சென்ற வருஷம்வரை எனக்கும் இதெல்லாம் தெரியாது. கம்பத்திலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழுதுகொண்டே டெலிபோன் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"அக்கா, உடனே கிளம்பி வாக்கா. என் காசும் போச்சு, மானமும் போச்சு!"

பதறிப்போய்த் தேனியில் பஸ் ஏறினேன். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டும்போதும் என்னென்னவோ நினைத்து மனம் அடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தால் அவள் கூடத்தில் உட்கார்ந்து கைபேசியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவரோரமாக அறுநூறு கண்ணாடிப் பாட்டில்கள், அட்டைப் பெட்டிகளில்.

விஷயம் இதுதான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஜாதி. உருண்டையாக, கருநீலமாக, விதையுடன் இருக்கும். தோலைக் கடித்தால் ஒரு வாசனை வருமே, அதற்காகவே வாங்குபவர்கள் உண்டு. 2023-ஆம் வருஷம் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தத் திராட்சையைப் பிழிந்து ரசம் காய்ச்சி விற்க என் தங்கைக்கு ஆசை. மகளிர் சுய உதவிக் குழுவில் நாற்பதாயிரம் கடன் வாங்கிப் பாட்டிலும் மற்றச் சாமான்களும் வாங்கிவிட்டாள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் ஒரு சின்னக் கடை போடுவதாகத் திட்டம். லேபிள் ஒன்றுதான் பாக்கி. ஓர் இணையத் தளத்தில் வடக்கத்திப் பையன் ஒருவனை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அமர்த்தினாள். அவனும் சொன்ன தேதியில் வரைந்து அனுப்பிவிட்டான்.

படத்தைப் பார்த்தேன். முதல் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தங்க நிறத்தில் கரை, கொடி, இலை, எல்லாம் ஜோர். ஆனால் நடுவில் தொங்கிய திராட்சைக் கொத்து பச்சை நிறம்! அதுவும் நீள நீளமாக, நாசிக் பக்கத்து விதையில்லாத் திராட்சை. கம்பத்துக்காரி விற்கும் பாட்டிலில் நாசிக் திராட்சையா? பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்தால் சிரிப்பாரா, மாட்டாரா?

"அது கெடக்குதுக்கா, எழுத்தைப் பாரு" என்றாள்.

பார்த்தேன். 'தேனி மாவட்டம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'த' முதலில் நிற்கிறது; அதன் கொம்பு பின்னால் போய்த் தனியாக நிற்கிறது. 'திராட்சை'யில் சங்கிலிக் கொம்பு 'ச'வைவிட்டு விலகி, திருவிழாவில் தாயைத் தவறவிட்ட குழந்தை மாதிரி ஓரமாக முழிக்கிறது. வரைந்த பையனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கு அதுவும் கோடு, இதுவும் கோடு.

இப்படி ஏன் ஆகிறது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கணினி நம் எழுத்தைச் சேமித்து வைக்கும்போது மெய்யெழுத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் வைத்துக்கொள்கிறதாம். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. படம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றில் இந்திய எழுத்துக்களுக்கு உரிய அமைப்பைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் தமிழை ஒட்டினால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். கடைப் பலகைகளிலும் சுவரொட்டிகளிலும் இந்த அலங்கோலத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தங்கை அன்று இரவே அவனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள், அனுப்பவில்லை. படித்துப் பார்த்தேன். 'ஏமாற்றுக்காரன்' என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. 'உனக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் போடுவேன்' என்ற பயமுறுத்தல் வேறு.

"அவன்கிட்ட நீ என்ன கேட்டிருந்த, அதைக் காட்டு" என்றேன்.

தயங்கித் தயங்கிக் காட்டினாள். திராட்சை ஜூஸுக்கு லேபிள் வேண்டும், திராட்சைப் படம் போட்டு நல்ல கலர்ஃபுல்லாக, என்று ஒன்றரை வரி. அவ்வளவுதான்! என்ன நிறத் திராட்சை என்று இல்லை. மாதிரிக்கு ஒரு போட்டோ இல்லை. வீட்டைச் சுற்றித் திராட்சைப் பந்தல். ஒரு குலையைப் போட்டோ பிடித்து அனுப்ப இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. வடக்கே பிறந்து வளர்ந்தவனுக்குத் திராட்சை என்றால் பச்சைதான் நினைவுக்கு வரும். அதில் அவன் குற்றம் எங்கே?

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். வேலை பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால், நாம் சொன்னதை அவர் செய்யவில்லையா, அல்லது நாம் சொல்லவே இல்லையா என்று பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொன்னதைச் செய்யாதது அவர் தவறு. தாராளமாகத் திருத்தச் சொல்லலாம். சொல்லாமல் விட்டது நம் தவறு; தயவாகக் கேட்க வேண்டும், வேண்டுமானால் ஏதாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும். பார்த்த பிறகு நம் மனசு மாறிவிட்டது என்றால் அது புது வேலை, புதுக் கூலி. சிவப்புக் கரை கேட்டு நெய்த புடவையை, 'இப்போது மாம்பழக் கலர் பிடிக்கிறது' என்று நெசவாளியிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா?

தங்கையின் கணக்கைப் பார்த்தோம். பச்சைத் திராட்சை நம் தவறு. எழுத்து அவன் தவறு. தமிழ் வாசகத்தைச் சரியாகவேதான் தட்டி அனுப்பியிருந்தாள். சைவ உணவைக் காட்டும் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி போடச் சொல்லியிருந்தாள். போடவில்லை, அதுவும் அவன் தவறு. இன்னொன்று அவன் தானாகவே செய்த உபகாரம். எங்கிருந்தோ புவிசார் குறியீட்டின் முத்திரையை எடுத்து மூலையில் ஒட்டியிருந்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் அந்த முத்திரையைப் போட உரிமை. தங்கை பதிவு செய்துகொள்ளவில்லை. பார்க்காமல் அச்சடித்திருந்தால் வம்பு விலைக்கு வந்திருக்கும்.

வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை மலைமேல் ஏற்றிப் போய்விட்டு வந்தவர், திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மூவாயிரத்து ஐந்நூறுதானே மதினி, தொலையுதுன்னு விடச் சொல்லுங்க" என்றார். அவளுக்கு வந்ததே கோபம்! "அது குழுக் கடன். அறுபது நாள்ல மொதத் தவணை கட்டணும். உங்களுக்கென்ன, தொலையுதும்பீங்க!" என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

உண்மையில் பணம் இன்னும் தொலையவில்லை. இதுதான் முக்கியமான சங்கதி. இம்மாதிரித் தளங்களில் நாம் கட்டும் பணம் உடனே வேலை செய்தவர் கைக்குப் போவதில்லை. நடுவில் தளமே வைத்துக்கொண்டிருக்கும். நாம் 'சரி' என்று பொத்தானை அழுத்தினால்தான் விடுவிக்கும். ஆனால் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் நாம் வாயே திறக்காவிட்டால் திருப்தி என்று எடுத்துக்கொண்டு பணத்தைத் தானாகவே கொடுத்துவிடும். ஃபைவர் என்ற தளத்தில் வழக்கமாக மூன்று நாள். அப்வொர்க்கில், மொத்தமாகக் கூலி பேசிய வேலைக்குப் பதினாலு நாள். தங்கை அமர்த்திய தளத்தில் ஐந்து நாள். வேலை வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். அழுவதில் மூன்று நாள் போய்விட்டது! செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் 'திருத்தம் வேண்டும்' என்ற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் கெடுவைப் பார்க்க வேண்டும்.

பழைய கடிதத்தை அழித்துவிட்டு இரண்டு பேருமாக உட்கார்ந்து புதிதாக எழுதினோம். அவள் மகள் எட்டாவது படிக்கிறாள். ஆங்கிலத்தில் பெயர்த்தது அவள்தான். கடிதத்தின் சாரம் இது:

'சகோதரருக்கு வணக்கம். சொன்ன தேதியில் அனுப்பியதற்கு நன்றி. கரையும் கொடியும் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. அவற்றை மாற்ற வேண்டாம். தமிழ் எழுத்துக்கள் இடம் மாறியிருக்கின்றன. தவறான இடங்களைச் சிவப்பு வட்டமிட்டு, சரியான உருவத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நாங்கள் கேட்டிருந்த பச்சைப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. மூலையில் உள்ள முத்திரையை எடுத்துவிடுங்கள். திராட்சையின் நிறத்தை முன்பே சொல்லாதது எங்கள் தவறு, போட்டோ இணைத்திருக்கிறோம். இதை மாற்ற ஏதாவது கூடுதலாக ஆகுமானால் தெரிவியுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சுக்குக் கொடுக்கச் சரியாக இருக்கும்.'

எல்லாம் தளத்தின் உள்ளேயே எழுதினோம். 'வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே' என்று சிலர் கேட்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் தகராறு என்று வந்தால் தளத்துக்காரர்கள் பார்ப்பது தங்கள் இடத்தில் நடந்த பேச்சைத்தான். அதேபோல 'கமிஷன் மிச்சம், நேரே என் கணக்கில் போடுங்கள்' என்றாலும் தலையாட்டாதீர்கள். பணம் நேரே போய்விட்டால் நடுவில் பிடித்து வைக்க ஆள் இல்லை.

நட்சத்திரம் போடுகிற பயமுறுத்தலை நான் எடுக்கச் சொன்னதற்கு இரண்டு காரணம். ஒன்று, 'இதைச் செய்யாவிட்டால் மோசமாக எழுதுவேன்' என்று மிரட்டுவதைப் பெரிய தளங்களே தடை செய்திருக்கின்றன. நம் பக்கம் நியாயம் இருந்தும் குற்றவாளியாக நாம் நிற்க வேண்டிவரும். இரண்டாவது, அந்தப் பக்கம் இருப்பவரும் வீட்டுக்காரர்தான். சின்னமனூரில் என் நாத்தனார் மகள், கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குமேல் இப்படித்தான் டைப் அடித்துக் கொடுக்கிறாள். ஒரு தடவை ஒரு மகானுபாவர் அறுபது பக்கம் வாங்கிக்கொண்டு, 'திருப்தி இல்லை' என்று சொல்லிக் காசு கொடுக்காமல், அதையே அச்சிட்டும்விட்டார்! வேலை மோசம் என்றால் அதை ஏன் அச்சிட்டார்? உபயோகித்துக்கொண்டு கூலி தரமாட்டேன் என்று சொல்ல 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே இடம் கொடுக்காது. வேண்டாம் என்றால் முழுக்க வேண்டாம் என்று திருப்பிவிட வேண்டும். பாதி உபயோகப்படும் என்றால் பாதிக் கூலிக்குப் பேசிப் பார்க்கலாம்; பல பேர் ஒப்புக்கொள்கிறார்கள்.

பேசியும் மசியாவிட்டால்? தளத்திலேயே பிராது கொடுக்க வழி இருக்கிறது. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை 20-ஆம் தேதியிலிருந்து அமலில் உள்ளது. குறைபாடான சேவைக்கு இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்யலாம். பழைய சட்டத்தில் எதிராளியின் ஊருக்கோ சங்கதி நடந்த ஊருக்கோ ஓட வேண்டும். இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தேனியிலும் மாவட்ட ஆணையம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்த சேவைக்கு மனுக் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து யோசனை கேட்கலாம். ஆனால் ஒரு சிக்கல்: சட்டம் வீட்டுத் தேவைக்குச் சேவை பெற்றவரைத்தான் நுகர்வோர் என்கிறது. கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் பாடம் என்றால் சந்தேகமில்லை. விற்பனைச் சரக்குக்கு லேபிள் என்றால் 'இது வியாபாரம்' என்று எதிர்த்தரப்பார் பிடித்துக்கொள்வார்கள். ஆள் வெளிநாட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். மூவாயிரத்து ஐந்நூறுக்காகப் படியேறுவதா என்பது அவரவர் சௌகரியம். என்னைக் கேட்டால், பணம் தளத்தின் கையில் இருக்கும்போதே பேசித் தீர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, பையன் என்ன பதில் எழுதினான்? திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தான். திராட்சையை மாற்றித் தருகிறேன், கூடுதல் பணம் வேண்டாம். புள்ளியும் முத்திரையும் சரி செய்கிறேன். ஆனால் எழுத்துத்தான் எனக்குப் புரியவில்லை, இரண்டு தடவை முயன்றும் அப்படியேதான் வருகிறது, என்று ஒப்புக்கொண்டிருந்தான். ஒப்புக்கொண்டானே, அதுவே பெரிய குணம் அல்லவா?

தங்கைக்கு மறுபடியும் முகம் வாடிவிட்டது. நான்தான் அவளை இழுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனேன். அங்கே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் கணினி வைத்திருக்கும் பிள்ளை, அரை மணி நேரத்தில் தமிழ் வாசகத்தை அழகாக அடித்து, எழுத்தாக இல்லாமல் படமாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார். இருநூறு ரூபாய். படம் ஆகிவிட்டால் பிறகு எந்தக் கணினியிலும் கொம்பு நகராதாம். அதை வடக்கே அனுப்பினோம். பையன் அதை இடத்தில் பொருத்தி வியாழக்கிழமையே திருப்பி அனுப்பிவிட்டான். கருநீலத் திராட்சை, நம் பந்தலில் பறித்த மாதிரி!

உடனே பொத்தானை அழுத்தப் போனாள். "இரு, இரு" என்று மகள் தடுத்தாள். உணவு லைசென்ஸ் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக விரலால் தொட்டு எண்ணினாள். பதினாலு இருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தது! மூன்று பெரியவர்கள் நாலு நாளாகப் பார்த்த படம். யார் கண்ணிலும் படவில்லை. இன்னும் கேளுங்கள். தவறு அவன்மேலும் இல்லை. தங்கையே முதலில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டுத்தான் அனுப்பியிருந்தாள். மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பத்து நிமிஷத்தில் திருத்தி வந்துவிட்டது. அறுநூறு லேபிளும் அச்சான பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

பணத்தை விடுவிக்குமுன் இன்னொரு சின்ன வேலையும் செய்யச் சொன்னேன். வழக்கறிஞர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி சொல்லிக் கொடுத்தது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு சித்திர வேலைக்கு முதல் சொந்தக்காரர் பொதுவாக அதைச் செய்தவர்தான். காசு கொடுத்துவிட்டோம் என்பதாலேயே எல்லாச் சித்திரமும் நம்முடையது ஆகிவிடாது. உரிமையை எழுத்து மூலமாக வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஐந்து வருஷம் கழித்து லேபிள் பிரசித்தி அடைந்த சமயத்தில் உரிமைத் தகராறு வந்தால்? சில தளங்களின் விதிகளிலேயே உரிமை நமக்கு மாறுவதாக எழுதியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பையன் சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தான். கூடவே, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் வாங்கி வைத்துக்கொண்டோம். அது இல்லாவிட்டால் நாளைக்கு விலையை மாற்றவும் அவனைத்தான் தேட வேண்டும்.

அடுத்த தடவை ஆள் அமர்த்தும்போது எப்படி? அதற்கு நாம் வெளியூர் போக வேண்டாம், போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளைப் பார்த்தால் போதும். 2007-ஆம் வருஷத்திலிருந்து அங்கே ஏலம் கேட்பதே கணினியில்தான். வாய் திறந்து கூவுவது இல்லை, பொத்தானைத் தட்டுவதுதான். இவ்வளவு நவீனமான ஏலத்திலும் ஒரு பழைய வழக்கத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து வியாபாரிகளின் முன்னால் வைத்தாக வேண்டும். நிறம் பார்த்து, பருமன் பார்த்து, லிட்டருக்கு என்ன எடை நிற்கும் என்று கணக்குப் போட்டு, அப்புறம்தான் விலை. மூட்டையின் மேல் எழுதியிருப்பதை நம்பி யாரும் விரலை அசைப்பதில்லை.

தங்கை இப்போது அதையே செய்கிறாள். ஜாமுக்கு ஒரு லேபிள் வேண்டியிருந்தது. மூன்று பேரிடம் ஆளுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து, 'தேனி மாவட்டம், பன்னீர் திராட்சை' என்ற நாலு வார்த்தைகளை மட்டும் எழுதி அனுப்பச் சொன்னாள். இரண்டு பேருக்குக் கொம்பு இடம் மாறியது. மூன்றாவதாக எழுதியவளுக்கு மாறவில்லை. வேலை அவளுக்கே கிடைத்தது. விசாரித்தால் அவள் பெரியகுளத்துப் பெண்! முப்பது மைல் தூரத்தில் இருப்பவளைத் தேடி உலகத்தையே சுற்றி வந்திருக்கிறோம். முந்நூறு ரூபாய் எதற்கு, சும்மா மாதிரி கேட்கலாமே என்கிறீர்களா? ஏலக்காய் மாதிரி விளைந்த சரக்கில் ஒரு பிடி. இதுவோ ஒருத்தியின் ஒரு மணி நேர உழைப்பு. கூலி கொடுக்காமல் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை, தங்கைக்கும் ஒப்பவில்லை.

வீரபாண்டித் திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். கடை சின்னதுதான், ராட்டினத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தது. எட்டு நாளில் நானூற்றுச் சொச்சம் பாட்டில் விற்றதாம். முதல் தவணையைக் கட்டிவிட்டாள். எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள். 'தே'க்கு முன்னால் கொம்பு கம்பீரமாக நின்றது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தேனி வந்து இறங்கும்போது பார்த்தால் புடவை முழுக்கக் கருநீலம். மூடி சரியில்லை! மூடிக்காரர் யார் என்று கேட்டேன். உள்ளூர்தானாம். மறுநாளே அவர் வாசலில் போய் நின்றுவிட்டாளாம்.